கனடாவிலிருக்கும் அண்ணைக்கு: அந்த வெறும் கதிரை பற்றி

அன்புள்ள அண்ணை,

இண்டைக்கு நவம்பர் 15. வாக்குவாதத்தைத் திரும்பக் கிளற விருப்பமில்லை. உங்களைத் 'தூர இருந்து கதைக்கிற ஆள்' எண்டது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா தலைவர்மார் வராமல் கதிரையை வெறுமையா விடுறதைவிட, கேக்க வேண்டியதைக் கேட்டுப்போட்டு வாறதுதான் நல்லம் எண்ட விசயத்தில நான் மாறேல்லை.

2013 கொழும்பு பொதுநலவாய மாநாட்டுக்கு அப்ப உங்கட பிரதமரா இருந்த ஹார்ப்பர் வரேல்லை எண்டு இப்பவும் பெருமைப்படுறியள். தனக்குப் பதிலா நாடாளுமன்றச் செயலாளர் தீபக் ஓப்ராயை அனுப்பினவர் எண்டதை மட்டும் விட்டிடுவியள். மன்மோகன் சிங்கும் வரேலாது எண்டு கடிதம் எழுதிப்போட்டு, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். ஒரு படி குறைச்சு ஆள் வந்தாலும் கொடி பறக்கும், விழா நடக்கும். பொதுநலவாயத்தின்ர இரண்டு வருசத் தலைமைப் பதவியும் மகிந்தவுக்குத்தான் போச்சு. மொரிசியஸ் பிரதமர் ராம்கூலம்தான் கையில இருந்ததைக் குடுத்தவர்: தன்ர நாட்டில நடக்க இருந்த 2015 மாநாட்டையே விட்டார், அது மால்டாவுக்குப் போச்சு.

பிரிட்டன் பிரதமர் கமரூன் வந்தார். தொடக்க விழா முடிஞ்ச கையோட யாழ்ப்பாணம். 1948க்குப் பிறகு வடக்குக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர். நூலகத்துக்குள்ள, அப்ப வடமாகாண முதலமைச்சரா இருந்த விக்னேஸ்வரனோட சந்திப்பு. வெளியில பொலிஸ் வரிசை. அதுக்கு இங்கால, காணாமல் போன பிள்ளைகளின்ர படத்தை நெஞ்சோட அணைச்சபடி தாய்மார். வாகனம் வர, படத்தை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குத் தள்ளினவை. ஆர் ஆர் நிண்டவை எண்டு இதில எழுதமாட்டன். கனபேர் வாசிப்பினம், உங்களுக்கு விளங்கும்.

அந்தத் தாய்மாரைச் சந்திக்கிறதை நிகழ்ச்சி நிரலில ஏத்துறதெண்டா முன்கூட்டியே ஏத்தவேணும். முன்னேற்பாட்டுக் குழு நிமிசக் கணக்கில எழுதி முடிச்ச பிறகு, பாதுகாப்புக்காரர் காரை நிப்பாட்ட விடமாட்டினம். 'வாறன்' எண்டு அறிவிக்க முதல்தான் பேரம். அறிவிச்சால் கையில ஒண்டுமில்லை, விழா நடத்துறவர் சொல்ற இடத்தில நிக்கவேண்டியதுதான்.

2014 மே 26 மோடி பதவியேற்புக்கு மகிந்த தன்னோட வரச்சொல்லிக் கேக்க, விக்னேஸ்வரன் மறுத்தார். அதைச் சரியெண்டு சொன்னவனும் நான்தான். சிரிக்காதேங்கோ. அங்க அவருக்கு நிகழ்ச்சி நிரலே இல்லை, ஆற்றையோ பக்கத்தில நிக்கிற வேலை மட்டும்தான்.

பனிக்குள்ள நிண்டு பதாகை பிடிச்ச உங்கட கையை நான் மறக்கேல்லை. இங்க பிள்ளையின்ர படத்தை ஏந்திக்கொண்டு நிண்ட தாய்மாரில சிலர் இப்ப இல்லை, பிள்ளையும் வரேல்லை. அதுக்குள்ள ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்ட உங்கட கணக்கு சில நேரம் எரிச்சலைத்தான் தருது.

அடுத்தமுறை உங்கட பிரதமர் இந்தப் பக்கம் வாற கதை வந்தா, எம்பியிட்ட 'போகவேண்டாம்' எண்டு சொல்லாதேங்கோ. நூலக வாசலில இருபது நிமிசம் கேளுங்கோ. அறிவிப்பு வர முதல்.