மீன் விடறதுக்கு முன்னாடி தண்ணிக்கு உறை ஊத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மொட்டை மாடில மீனும் கீரையும் ஒண்ணா வளர்க்கற அக்வாபோனிக்ஸ் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. பெரம்பூர்ல எங்க வீட்டு மாடில 2021ல இருந்து நான் இத பண்ணிட்டிருக்கேன், அதனால ரொம்ப சந்தோஷமா படிச்சேன். ஆனா நடுவுல "தண்ணி நிரப்பி அன்னிக்கே மீன் குஞ்சு விடலாம்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அங்க மனசு கேக்கல. அந்த வரிய நம்பி எத்தனை வீட்ல மீன் சாகப்போகுதோன்னு தான் இத எழுதறேன்.

எனக்கும் கிட் வித்தவங்க அதேதான் சொன்னாங்க. 2019 கோடைல புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்போ எங்க மாடித்தோட்டம் மொத்தமும் காஞ்சு போச்சு, குடிக்கவே லாரிக்கு குடத்தோட நிக்கறப்போ செடிக்கு எங்க ஊத்தறது. அக்வாபோனிக்ஸ்ல தண்ணி சுத்தி சுத்தி வருது, ஆவியா போறதையும் செடி குடிக்கறதையும் மட்டும் ஊத்தினா போதும்னு கேள்விப்பட்டு ஆசையா ஆரம்பிச்சேன். 300 லிட்டர் தொட்டி, மேல செடி வைக்க ஜல்லி போட்ட ட்ரே, தண்ணிய ஏத்த ஒரு சின்ன மோட்டார், இருபது ஜிலேபி மீன் குஞ்சு. மூணாவது வாரம் எல்லாம் மேல வந்து வாய பொளந்துட்டு நின்னுச்சு. ஏர் பம்ப் ஓடுது, குமிழி நல்லா வருது, அப்புறம் ஏன் மூச்சு முட்டுதுன்னு ஒண்ணும் புரியல, ரெண்டே நாள்ல ஒண்ணு கூட மிஞ்சல. மார்க்கெட்ல மீன் வாங்கறப்போ செவுள தூக்கி சிவப்பா இருக்கான்னு பாப்போமே, அப்படி ஒண்ண எடுத்து பாத்தேன், காப்பி டிகாஷன் கலர்ல இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

கொளத்தூர்ல மீன் கடை வெச்சிருக்க ஒரு அண்ணன்கிட்ட போய் இத சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, "தொட்டி சைக்கிள் ஆச்சாம்மா?" அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு தெரியாது. அவர் சொல்லித்தான் புரிஞ்சுது, இதுல மீன், செடின்னு ரெண்டு உயிர் இல்ல, மூணு. மீன் செவுள் வழியா அமோனியா விடுது, அது மீனுக்கே விஷம். தண்ணிலயும் ஜல்லிலயும் ஒட்டி வளர்ற ஒரு வகை பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்துது, அதுவும் விஷம்தான், ரத்தத்துல ஆக்சிஜன் ஏற விடாது, ரத்தமே பழுப்பாயிடும், என் மீன் செவுள் அப்படித்தான் ஆயிருக்கு. இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தினா தான் அது செடிக்கு சாப்பாடு. இந்த ரெண்டு வகையும் நல்லா பெருக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதத்தான் தொட்டி சைக்கிள் ஆகறதுங்கறாங்க. புது தொட்டில அதுங்க இல்லவே இல்ல, நான் மீன நேரா விஷத்துல விட்டிருக்கேன்.

அவர் தன்னோட பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச பிழிஞ்சு அந்த கலங்கல் தண்ணிய ஒரு பாட்டில்ல குடுத்தாரு. பாலுக்கு உறை ஊத்தற மாதிரி தான், பழைய மோர் ஒரு ஸ்பூன் விட்டா தானே தயிர் சீக்கிரம் தோயும். அத ஊத்திட்டு, மீனே இல்லாம தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்த தண்ணில போட்டு அழுக விட்டேன், அதுல வர்ற அமோனியா தான் பாக்டீரியாவுக்கு தீனி. டெஸ்ட் கிட் வாங்கி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பாத்தேன், மொதல்ல அமோனியா ஏறி இறங்கிச்சு, அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கிச்சு, ரெண்டும் சைபர் ஆகி நைட்ரேட் மட்டும் நின்னப்போ அஞ்சு வாரம் ஆயிருந்துச்சு. அதுக்கப்புறம் தான் மீன் விட்டேன்.

நம்ம ஊர் தண்ணிக்கு இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கும், அப்படியே ஊத்தினா பாக்டீரியா செத்துடும், டிரம்ல திறந்து ஒரு நாள் முழுக்க வெச்சிட்டு ஊத்தணும். எங்க போர் தண்ணி மாதிரி உப்பும் காரமுமா இருந்தா பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) பாக்காம இறங்காதீங்க, பிஹெச் 7ல இருந்து 8 ஆனாலே அமோனியால விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆயிடும். தீவனமும் அளவா தான், ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளைக்கு 40, 50 கிராம் கணக்கு, மீன் அஞ்சு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுக்கு மேல போட்டா மிச்சம் அழுகி திரும்ப அமோனியா தான்.

கரண்ட் பத்தியும் நீங்க ஒரு வார்த்த எழுதல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ எங்க தெருல ரெண்டு நாள் கரண்ட் இல்ல, நானும் என் பையனும் தண்ணில காத்து கலக்கட்டும்னு மாத்தி மாத்தி மக்குல தண்ணி மொண்டு உசரத்துல இருந்து ஊத்திட்டே இருந்தோம், தீவனத்த அறவே நிறுத்திட்டோம், பதினெட்டு மீன்ல ஒண்ணுதான் போச்சு. இப்போ பேட்டரில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், அது இல்லாம யாரும் ஆரம்பிக்க வேணாம். மாடி கனத்தையும் யோசிக்கணும், 1000 லிட்டர் தண்ணின்னா ஒரு டன், பீம் எங்க போகுதுன்னு இன்ஜினியர கேக்காம நடு மாடில வைக்காதீங்க. பூச்சி மருந்து எதுவும் கூடாது, வேப்பெண்ணெய் கூட தொட்டில சொட்டினா மீனுக்கு ஆபத்து, மாவுப்பூச்சிய நான் தண்ணி பீச்சி தான் விரட்டறேன். புதுசா வர்ற இலை மஞ்சளா இருந்தா இரும்புச்சத்து இல்லன்னு அர்த்தம், தீவனத்துல அது போதுமான அளவு கிடையாது, தனியா போடணும். ஆப்பிரிக்க கெளுத்திய மட்டும் யார் சொன்னாலும் வளர்க்காதீங்க, மத்திய அரசு 2000லயே தடை பண்ணினது, ஏரில தப்பிச்சு போனா நம்ம நாட்டு மீன தின்னுடும்.

இவ்வளவும் சொல்றேனேன்னு பயந்துடாதீங்க. புதினா எங்க வீட்ல வாங்கியே ரெண்டு வருஷமாச்சு, பாலக்கும் பொன்னாங்கண்ணியும் அக்கம்பக்கத்துக்கும் குடுக்கறேன்.

அதனால தயவு செஞ்சு அடுத்த வார இணைப்புல அந்த வரிய திருத்தி போடுங்க, நாலுல இருந்து ஆறு வாரம் காத்திருக்கணும்னு பெரிய எழுத்துல போடுங்க. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்ட கிட் மானியத்துல குடுத்தாங்களே, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு வந்தா நல்லது, அதுல டெஸ்ட் கிட் கட்டாயம் இருக்கணும். மாதவரத்துல மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கு, அங்க மாசம் ஒரு சனிக்கிழம வீட்டுக்காரங்களுக்குன்னு அரை நாள் சொல்லிக்குடுத்தா வடசென்னைல இருந்து எத்தனையோ பேர் போவோம்.

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் யாராவது புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா உங்க ஆபீஸ்ல சொல்லி வைக்க சொல்லுங்க, பாட்டில் கொண்டு வந்தா என் தொட்டி ஸ்பாஞ்ச் பிழிஞ்ச தண்ணி தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை