வேலியில் ஒரு கேட்: எங்கள் ஹெச்.ஓ.ஏ. வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஹெச்.ஓ.ஏ. என்கிற நம் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் வாரிய உறுப்பினர்கள் ஐந்து பேருக்கும் வணக்கம்.

இதே விஷயமாக ஆங்கிலத்தில் மூன்று தடவை மெயில் போட்டாயிற்று. மூன்றுக்கும், சில தயக்கங்களோடு, ஒரே பதில்தான்: பரிசீலனையில் இருக்கிறது. உங்களில் இரண்டு பேர் தமிழர். போன பொங்கலுக்கு எண்ணிப் பார்த்ததில் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கும் இந்தக் குடியிருப்பில் பதினேழு வீடு நம்மவர்கள். அதனால் நாலாவது தடவை தமிழில் எழுதுகிறேன். மற்ற மூவருக்கும் நீங்கள் இருவரும் எடுத்துச் சொன்னால் போதும்.

கேட்பது ஒன்றே ஒன்று. குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் மரவேலியில், பஸ் ஸ்டாப் இருக்கும் இடத்தில், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கேட்.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த ஸ்டாப் தெரியும். கம்பம், நம்பர் போட்ட பலகை எல்லாம் தெரியும். வேலி இல்லையென்றால் அறுபது தப்படி. வேலி இருப்பதால் குடியிருப்பின் முன்வாசல் வரை போய், மெயின் ரோடு ஏறி, சுற்றி வர இருபத்திரண்டு நிமிஷம். நான் நடந்து பார்த்த கணக்கு. அப்பா நடந்தால் முப்பதைத் தாண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். எங்களோடு ஆறு மாதம் இருக்க ஜூன் மாதம் வந்தார். முதல் வாரம் ஜெட்லாக்கில் போயிற்று. இரண்டாவது வாரம் காலையில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாலாம் நாள் உங்கள் நோட்டீஸ் வந்தது: வீட்டு முகப்பில் அங்கீகரிக்கப்படாத பொருள். அவருக்கு அதைப் படித்துச் சொன்னேன். "பொருள்னு சொன்னது நாற்காலியவா, என்னையவா?" என்றார். நாற்காலி இப்போது கராஜில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, விதி விதிதான்.

அதற்குப் பிறகு அவருக்கு ஜன்னல்தான் கதி. ஒரு நாள் நான் காபி போட வந்தபோது மேசையில் பழைய டைரி விரித்திருந்தது. 7.12, 7.44, 8.13 என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்பு: "2 நிமிஷம் லேட்", "ஆள் 4", "முன்னால சைக்கிள் கட்டியிருக்கு". நம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, அதாவது மாவட்டம், ஓட்டும் ஃபேர்ஃபாக்ஸ் கனெக்டர் பஸ்ஸுக்கு வீட்டிலிருந்தே டைம்கீப்பர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். "நாலு பேர ஏத்திக்கிட்டுப் போறான்டே, கலெக்‌ஷன் என்னத்துக்கு ஆகும்?" என்று அவருக்குக் கவலை வேறு. கண்டக்டரே இல்லாமல் பஸ் ஓடுகிறது, இறங்குகிறவரே கயிற்றை இழுத்து மணியடிக்கிறார் என்று சொன்னதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஏறிப் பார்த்தால்தானே நம்புவதற்கு!

ஒரு நாள் நான் ஆபீஸ் போயிருந்தபோது ரோட்டு வழியாகவே கிளம்பிவிட்டார். நடைபாதை நம் வாசலிலிருந்து கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் புல்லில் முடிந்துவிடும். இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மனையையும் கட்டுகிறவர் தன் எல்லை வரைக்கும் நடைபாதை போடுவார். பக்கத்து மனையில் யாரும் எதுவும் கட்டாவிட்டால் அங்கே நடைபாதையும் கிடையாது. வர்ஜீனியாவில் கவுண்டிச் சாலைகளில் பெரும்பாலானவை 1932-லிருந்தே மாநில அரசின் கையில் இருப்பதால், விட்டுப்போன துண்டைக் கவுண்டி நினைத்த மாத்திரத்தில் போட்டுவிடவும் முடியாது. அப்பா புல்லோரமாக நடந்திருக்கிறார். ஒரு கார் வேகம் குறைத்து நின்றது. ஓட்டி வந்த பெண்மணி கேட்ட முதல் கேள்வி: "உங்கள் வண்டி ரிப்பேரா?" நடக்கிறவரைப் பார்த்தால் இங்கே அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது. நல்ல மனுஷி, வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்று ராத்திரி அப்பா என்னிடம் கேட்டார்: "இது ஊரா, லாட்ஜாடே? ரூம விட்டா கார், கார விட்டா ரூமு."

சனிக்கிழமை பக்கத்து ஊரான ரெஸ்டனில் லேக் ஆன் ஏரிக்குக் கூட்டிப் போனேன். நம் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், அதுவும் காரில்தான். ஏரிக்கரைச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் வெண்கலத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "யாருப்பா இவரு?" என்றார். ராபர்ட் ஈ. சைமன். தன் பெயரின் மூன்று முதலெழுத்தையும் (R, E, S) ஊர்ப்பெயருக்குள் வைத்து 1964-இல் ரெஸ்டனைத் தொடங்கியவர். குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நியூயார்க் கார்னகி ஹாலை விற்ற பணம்தான் நிலம் வாங்க உதவியது. ஒரே ஊரில் குடியிருக்கவும் வேலை பார்க்கவும் முடிய வேண்டும், ஓய்வு நேரத்துக்கு விதவிதமான வாய்ப்பு இருக்க வேண்டும், வயதானாலும் அதே அக்கம்பக்கத்தில் இருந்துவிட முடிய வேண்டும் என்றெல்லாம் தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர். நடைபாதைகளைச் சாலைக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனதும் அந்தத் திட்டத்தில்தான். கடைசிக் காலத்தில் அந்த ஏரிக்கரையிலேயே குடியிருந்து, 2015-இல் 101 வயதில் காலமானார்.

அப்பா கேட்டுவிட்டு, சிலையின் தோளைத் தட்டினார். "ஊரைக் கட்டினவரே பெஞ்சுல உக்காந்திருக்காரு. இவருக்கு நோட்டீஸ் வரலியா?"

நம் குடியிருப்பு ரெஸ்டன் இல்லை, எனக்குத் தெரியும். ஏரி கேட்கவில்லை, சுரங்கப்பாதை கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. அந்த பஸ் ஹெர்ன்டன் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போகிறது. சில்வர் லைன் என்கிற மெட்ரோ ரயில் தடம் 2014-இல் ரெஸ்டன் கிழக்கு வரை வந்தது. 2022 நவம்பர் 15-ஆம் தேதி ஹெர்ன்டன், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம் தாண்டி ஆஷ்பர்ன் வரை நீண்டது. 65 வயதுக்கு மேல் பாதிக் கட்டணம். ஹெர்ன்டன் ஊருக்குள் போனால் டபிள்யூ அண்ட் ஓடி பாதை: 1968-இல் நின்றுபோன ரயில்வேயின் தடத்தில் 45 மைல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்டது, பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. ரயில் ஸ்டேஷனையும் பஸ்ஸையும் காட்டினால் அப்பாவுக்கு ஆறு மாதமும் அலுக்காது. லைப்ரரியில் ஏசி, தண்ணீர், உட்கார நாற்காலி. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட நாற்காலி.

அப்பாவுக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் எனக்கு டைசன்ஸில் ஆபீஸ். டல்லஸ் டோல் ரோட்டில் போக ஆறு டாலர், வர ஆறு டாலர். கேட் இருந்தால் பஸ் ஏறி, மெட்ரோ மாறி, இறங்கி நடந்தே ஆபீசுக்குள் போய்விடலாம். எதிர் வீட்டுப் பையன் பதினைந்து வயது, அவன் கூடைப்பந்துப் பயிற்சிக்காகவே அவன் அம்மா தினமும் வேலையை நாலு மணிக்கு மூட்டை கட்டுகிறாள்.

உங்கள் தயக்கங்களைப் படித்தேன். வெளியாட்கள் வந்துவிடுவார்களாம். முன்வாசலில் நமக்குக் கேட்டே கிடையாது; இருபத்துநாலு மணி நேரமும் திறந்த ரோடு. திருடன் வருவதென்றால் காரில் சொகுசாக வரலாம், பஸ்ஸுக்குக் காத்திருந்தா வருவான்? வீட்டு விலை இறங்கும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வீடு விற்கிற விளம்பரத்தைப் பாருங்கள், "மெட்ரோவுக்கு அருகில்" என்றுதான் முதல் வரியே. அருகில் என்று போட்டுவிட்டு இடையில் வேலி வைத்திருக்கிறோம்.

இன்ஷூரன்ஸ் கேள்வி மட்டும் நியாயமானது. கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பதை வக்கீலிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், தாமதமானாலும் சரி. பனிக்காலத்தில் கேட்டை ஒட்டிய பத்தடியில் உப்புத் தூவும் பொறுப்பை நானும் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் ஏற்றுக்கொள்கிறோம். கேட்டுக்கு ஆகும் செலவில் பங்கு தர ஒன்பது வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதில் நாலு வீடுதான் தமிழ் வீடு.

வாரியக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்று வர்ஜீனியாச் சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன், அப்பாவையும் கூட்டி வருகிறேன். டைரியையும் கொண்டுவருவாராம். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கு நாலு வாரத்துக்கு முழுசாக இருக்கிறது, ஜூலையில் மழை பெய்த இரண்டு நாள் தவிர.

கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிற ஆள்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரன்