உன் மௌத் ஆர்கனைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள குமாரு,

நலம், நலமறிய ஆவல், இங்கே எல்லோரும் சுகம், மழை பெய்கிறது. போதும். நீ தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று சுமதியிடம் போனில் புலம்பினாயாமே. திட்டிக்கொள், ஆனால் கொஞ்சம் மிச்சம் வை, இதைப் படித்து முடித்ததும் தேவைப்படும்.

சிங்கப்பூர் நேவல் பேஸை விட்டுப் போன வெள்ளைக்காரன் உன் அப்பாவிடம் கொடுத்த அந்த மௌத் ஆர்கன், திருச்சிக்குக் கிளம்பின அன்று சாங்கி விமான நிலையத்தில் நீ என் சட்டைப் பையில் திணித்தாயே, அதேதான், அதை நான் பிரித்துவிட்டேன். ஆணியைப் பிடுங்கி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகு பூசி, எல்லாம் ஆயிற்று. இனி பழையபடி ஆக்க முடியாது.

காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். போன வருடம் மார்ச்சில் எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்றுதான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சுமதியிடம் சத்தியம் வாங்கியவன் நான், அவளைக் கோபிக்காதே. நீ உடனே டிக்கெட் போட்டு வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ‘அந்தத் தோசைக் கதை’யை எல்லா நர்சுக்கும் சொல்லியிருப்பாய். சரி, அது முடிந்த கதை. இப்போது காலையில் நடக்கிறேன், மாத்திரை போடுகிறேன், நடந்து முடித்ததும் புளோக்குக் கீழே வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து உன் மௌத் ஆர்கனை வாசிக்கிறேன். அங்கேதான் வந்தது வினை. அந்த மாத்திரை இரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது. ஒருநாள் தகட்டின் ஓரம் உதட்டு மூலையில் கீறிவிட்டது, சின்னக் கீறல், கொசு கடித்த அளவு. முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. ஐஸ் வைத்து அழுத்திக்கொண்டு லிஃப்டில் ஏறியவனைப் பார்த்து ஏழாவது மாடிச் சீனப் பாட்டி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். சுமதி ‘இது வேண்டாம், தூக்கிப் போடுங்கள்’ என்றாள். தூக்கிப் போடுவதா, திருத்துவதா என்று வந்தபோது திருத்தினேன். இதுதான் என் கட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதித் தப்பு உன்னுடையது. வாசிப்பதற்கு முன்னால் டம்ளர் தண்ணீரில் முக்கி எடுப்பாயே, ‘சத்தம் கும்மென்று வரும்’ என்று? வரும்தான். நடுவில் இருக்கிற பேரி மரச் சட்டம் நீரைக் குடித்து ஊதி, தகட்டோடு இறுகிக்கொள்ளும், காற்று கசியாது. ஆனால் ஊதிய மரம் காய்ந்தால் அப்படியே பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, ஓட்டைகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சீப்புப் பற்கள் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றுவிட்டன. நாக்கை வைத்தால் பனைமட்டை மாதிரி. இந்த மரைன் பேண்ட் வகை மௌத் ஆர்கனை ஹோனர் கம்பெனிக்காரர்கள் 1896-இல் கொண்டுவந்தார்கள், அந்த வருடமே மாடல் எண்ணாகவும் நிற்கிறது. நம் உதட்டில் படுகிற பக்கத்தில் மரமும் பித்தளையும் மூடாமல் அப்படியே தெரிகிற அமைப்பு. ஸ்பெஷல் 20 என்று பிளாஸ்டிக் சட்டத்தில் ஒன்று இருக்கிறது, அதில் தகடுகள் உள்ளே பதிந்திருக்கும், உதட்டில் படாது. வாங்கியிருக்கலாம். ஆனால் அதில் உன் அப்பா இல்லையே.

வேலையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் பொடித் திருகாணி, சின்ன அரம், உப்புத்தாள் வாங்கினேன். கடைக்கார அங்கிள் ‘மூக்குக் கண்ணாடிக்கா?’ என்றார். மெல்லிய கத்தியை மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக நெம்பி ஆணிகளைத் தளர்த்தினேன். அவசரப்பட்டால் தகடு வளைந்துவிடும். மேல்தகடு ஊதுவதற்கு, அதன் நாக்குகள் (அதிர்ந்து சத்தம் தருகிற பித்தளைப் பட்டைகள்) உள்பக்கம். கீழ்த்தகடு இழுப்பதற்கு, அதன் நாக்குகள் வெளிப்பக்கம். மாற்றி மாட்டாமலிருக்கப் பேனாவால் குறி போட்டேன். நாக்குகள் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் அரத்தையே தொட்டேன், ஒரு பித்தளைத் தூள் இடுக்கில் போனால் அந்தச் சுரம் ஊமை. நான்கு மூலைகளையும் மழுக்கினேன், முன் ஓரத்தைச் சாய்வாக ராவினேன். கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை விரித்து, மரப் பற்களைத் தகட்டின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே போகும்வரை தேய்த்தேன். சுமதி தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னாள். சிக்குப்பிடித்து நாறும் என்று சொல்லி, தேன்மெழுகை உருக்கிப் பூசினேன். அதற்கு முன்னால் மரம் காய வேண்டுமே, இந்த ஊர் ஈரத்தில்! ஃபேனுக்குக் கீழே ஐந்து நாள் கிடந்தது. கடைசியில் ஆணிக்குப் பதில் திருகாணி. பிறகுதான் தெரிந்தது, ஹோனரே மரத்துக்குப் பூச்சு கொடுத்துத் திருகாணி போட்டு மரைன் பேண்ட் டீலக்ஸ் என்று விற்கிறான். எனக்கு யார் சொன்னார்கள்?

அப்புறம், மூடியைக் கழற்றியபோது பின் ஓரத்து மடிப்பில் ஒரு மீசை முடி சிக்கியிருந்தது. கறுப்பு. சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை. வாசிக்கும்போது நடுவில் ‘ஆ’ என்று கத்துவாயே, நாங்களெல்லாம் பாவம் என்று நினைத்தோமே, இதுதான் அது.

இப்போது எப்படி என்றால், வெண்ணெய். உதடு வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்காக எல்லாம் கருவியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், நானும் பல்லைக் கடித்து அழுத்தித்தான் வாசித்திருக்கிறேன். உதட்டை நனைத்துக்கொண்டு, வாய்க்குள் நன்றாக விட்டு, கையைத் தளர்த்திப் பிடித்தால் பாதி வலி இல்லை. இழுக்கும்போது உறிஞ்சக் கூடாது, சாதாரணமாக மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி வயிற்றிலிருந்து இழுக்க வேண்டும். நாலாம் ஓட்டைக்கு மேல் எனக்கு இன்னும் தகராறுதான், அதற்கு அரம் கிடையாது.

சத்தம் மாறியிருக்கிறதா? என் காதுக்கு முன்னைவிடக் கணீரென்று கேட்கிறது. ஆனால் அந்தப் பழைய, கொஞ்சம் காற்று கசிகிற, உன் வீட்டுப் பின்வாசலில் கேட்ட சத்தம் இதில் இல்லை. உன்னைக் கேட்காமல் செய்து முடித்துவிட்டுச் சொல்கிறேன், அதுதான் உறுத்துகிறது.

அடுத்த மாதம் மருமகள் திருச்சிக்கு வருகிறாள். கொடுத்தனுப்பவா, இங்கேயே இருக்கட்டுமா, நீ சொல்வதுதான். பிடுங்கிய ஆணிகள் கோடாலித் தைலக் குப்பியில் இருக்கின்றன, இரண்டு வளைந்துவிட்டன, ஒன்று தரையில் உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அந்த மீசை முடியும் அதே குப்பியில்தான்.

உன்,
மணி