பிள்ளைகள் கொண்டுவரும் எண்: 7,20,720

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இந்த வாரம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் நோட்டில் 7,20,720 என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். அதை ஒட்டி எல்லோருக்கும் இந்த ஓர் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டு நோட்டை மூட வைத்துவிடாதீர்கள்.

1 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் இதில் மீதி வராது. அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியது இதுதான். 17இல்தான் முதல் தடவை மாட்டும், மீதி 5. ஆனால் 18, 20, 21, 22, 24 மறுபடியும் சரியாக வகுக்கும். ஏன் என்று பிள்ளைகளே யோசிக்கட்டும். ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: 720ஐ இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதினால் இந்த எண். அதாவது 720 × 1001. அந்த 1001 என்பது 7 × 11 × 13. எந்த மூன்றிலக்க எண்ணை இப்படி எழுதினாலும் 7, 11, 13 மூன்றும் அதை வகுக்கும். வீட்டில் செய்து பாருங்கள்.

இதற்கு மொத்தம் 240 காரணிகள், அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண்கள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இந்த மாதிரி எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில் இதுவும் உண்டு. 240ஐயும் எப்படித் தேடுவது என்று மலைக்க வேண்டாம், ஜோடியாகவே வரும். 2க்கு 3,60,360, 16க்கு 45,045. இப்படியே போனால் 120ஆவது ஜோடி 840 × 858.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமையும் இருக்கிறது. 1910இல் வேலை தேடி ராமானுஜன் போனது திருக்கோவிலூருக்கு. அன்று அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். அங்கே துணை கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவரைக் குமாஸ்தா வேலையில் முடக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பிள்ளையின் நோட்டைப் பொறுமையாகப் பார்க்க ஒரு பெரியவர் இருந்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களில் பலர் விடியும் முன்பே துறைமுகத்துக்கோ சிப்காட் ஷிப்டுக்கோ கிளம்புகிறவர்கள். "நான் படிக்கவில்லையே சார்" என்று ஒதுங்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட அப்புறம் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த ஜோடி என்ன?" என்று கேட்டாலே போதும்.

சீக்கிரம் முடித்தவர்களுக்கு 7,20,721 காத்திருக்கிறது. 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1தான். அது பகா எண்ணா, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணா என்று அறிய, 17 முதல் 839 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நண்பர்கள் பங்கு பிரித்துக்கொண்டு செய்யலாம். தயவுசெய்து விடையை மட்டும் செல்போனில் தேடிக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கடலூர் முதுநகர்