வரைபடத்தில் நடைபாதையின் உயரத்தையும் எழுதுங்கள்

எங்கள் சாலையை மறுவடிவமைக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். எங்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டியதற்கு முதலில் நன்றி. இதற்கு முன் இந்தச் சாலையை எத்தனையோ முறை தோண்டியிருக்கிறார்கள், ஒருமுறைகூட யாரும் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து நடைபாதையைப் பற்றிக் கேட்டார். உங்களில் ஒருவர் மைக்கை வாங்கி, "நடைபாதை போட்டுத்தான் சார் குடுக்கிறோம். ஜனங்க அதுல நடக்க மாட்டேங்கிறாங்க, ரோட்டுலதான் நடக்கிறாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, படுத்த பிறகும் அந்தப் பதில் காதிலேயே நின்றது. அதனால்தான் இந்த மடல்.

என் அம்மாவும் ரோட்டில்தான் நடப்பார். அவருக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "மேல ஏறி நடம்மா, வண்டி வருது" என்று அவரை எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். "ஏறி எறங்க முடியலடி, ரோடு நேரா இருக்கு" என்பார். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பியவர் என் பேச்சைக் கேட்டு நடைபாதையில் ஏறி நடந்தார். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் நடைபாதை சட்டென்று முடிகிறது. கார் உள்ளே போவதற்காக வழவழப்பான டைல்ஸ் ஒட்டிய சரிவு அங்கே இருக்கிறது. இறங்கக் கால் வைத்தவர் அந்தச் சரிவில் வழுக்கி ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த பைக் ஒரு முழம் தள்ளி நின்றது. ஓடிவந்து தூக்கியவர் பக்கத்தில் பூக்கட்டும் அம்மா. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகியும் அவர் தனியாகத் தெருமுனையைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர்களிடம் பூவுக்குக் காசு கொடுத்தனுப்புகிறார்.

அவரை நடைபாதையில் ஏறச் சொன்னவள் நான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலை, வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கும்போது, என் மகளோடு போய் அளந்தேன். எனக்குத் தையல் தொழில், இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். எங்கள் தெருமுனையிலிருந்து பேருந்து நிறுத்தம் ஏறத்தாழ 400 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் நடைபாதை 21 இடத்தில் அறுபடுகிறது. வீட்டு கேட், கடை வாசல், பக்கத்துத் தெரு, பெட்ரோல் பங்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏற வேண்டும். உயரம் பெரும்பாலும் 11 அங்குலம். ஓரிரண்டு இடத்தில் 9, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் 14. எங்கள் வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் ஏழு அங்குலம்தான். 21 தடவை 11 அங்குலம் என்றால் 19 அடிக்கு மேல் வருகிறது. பேருந்து பிடிக்கப் போகும் ஒரு கிழவி, கைப்பிடி இல்லாத படியில் கிட்டத்தட்ட இரண்டு மாடி ஏறி இரண்டு மாடி இறங்க வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது, கையில் காய்கறிப் பையோடு, மறுபடியும்.

ஜனங்கள் ஏன் நடைபாதையில் நடப்பதில்லை என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான், ஐயா. அவர்களுக்கு ஒழுங்கு தெரியாமல் இல்லை. முழங்கால் வலிக்கிறது.

என் கோரிக்கையும் ஒன்றுதான். புதிய நடைபாதை எங்கும் அறுபடாமல், ஒரே மட்டத்தில் போகட்டும். கேட்டுக்கு முன்னாலும், பக்கத்துத் தெரு வாயிலும் அதே உயரத்தில் தொடரட்டும். உள்ளே போகிற கார் நடைபாதையின் மேல் மெதுவாக ஏறி இறங்கிப் போகட்டும். இப்போது மனிதர் இறங்கி வண்டிக்கு வழி விடுகிறார். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது நானாக இட்டுக்கட்டிக் கேட்கும் சலுகை இல்லை. சாலை போடுவதற்கான இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள் உங்கள் மேசையிலேயே இருக்கும். பாதசாரிகளுக்கான 103ஆம் எண் வழிகாட்டி, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அது ஆறு அங்குலம். நடப்பதற்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னைக்கென்று 2014இலேயே நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான கொள்கை வந்துவிட்டது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை இவர்களுக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நல்ல நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேரும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முறிந்த எலும்புகளை ஆயுள் முழுக்கப் பார்த்த ஒரு மருத்துவர்தான் அந்த வழக்கைப் போட்டார் என்பதை அம்மாவின் மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உயரம் ஏன் இப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. கீழே மழைநீர் வடிகால் ஓடுகிறது, அதன் மூடியே நடைபாதை. வடிகாலை எந்த உயரத்தில் கட்டினார்களோ அந்த உயரத்தில் நாங்கள் நடக்க வேண்டியிருக்கிறது. உயரமாக இருந்தால் பைக் ஏறாது என்றும் அன்று ஒருவர் சொன்னார். பைக் கேட்டுச் சரிவு வழியாகத் தாராளமாக ஏறுகிறது, தினமும் பார்க்கிறேன். ஏற முடியாமல் நிற்பது அம்மாவும், சக்கர நாற்காலியில் வரும் எதிர்வீட்டுப் பையனும்தான்.

அப்புறம் பேருந்து நிறுத்தம். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று என் கண்ணால் பார்க்கிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. தளம் 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால், நடைபாதையை ஒட்டி நின்றால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். ஆனால் ஒட்டி நிற்பதில்லை. நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்களும் கார்களும் நிற்க, பேருந்து நடு ரோட்டில் நிற்கிறது. ஏறுகிறவர்கள் நடைபாதையிலிருந்து குதித்து, ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து ஓட வேண்டும். ஓட்டுநரைச் சொல்லிக் குற்றமில்லை. நிறுத்தம் இருக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையைப் பேருந்து நிற்கும் வரிசை வரைக்கும் வெளியே நீட்டிக் கட்டிவிட்டால் அங்கே எந்த வண்டியும் நிறுத்த முடியாது, பேருந்தும் வளையாமல் ஒட்டி நிற்கும். உங்கள் வரைபடத்தில் நிறுத்தம் பழையபடி உள்வாங்கியே இருக்கிறது.

கடப்பதற்கு நடைமேம்பாலம் கட்டித் தருவதாகவும் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். தரையிலேயே, நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திய கடக்கும் இடம் போடுங்கள். வண்டிகள் அங்கே தானாக வேகம் குறைக்கும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் வந்தது. அவளுடைய அப்பா அதைப் படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். இந்தச் சாலையில் மகளை அனுப்பப் பயம். அவரை நான் எப்படிக் குறை சொல்வது? வண்டி நிறுத்த இரண்டு பக்கமும் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சைக்கிளுக்கு ஒரு கோடுகூட இல்லை. வீட்டில் கார் வைத்திருப்பவர் ரோட்டில் நிறுத்த இடம் கேட்டால் உடனே கிடைக்கிறது. கால் வைக்க இடம் கேட்கிறவள் மனு எழுத வேண்டியிருக்கிறது. புது நடைபாதை போட்ட மாதமே கேபிளுக்குத் தோண்டுகிறார்கள், தோண்டியவர்கள் மூடுவதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எங்கள் வாசலே பள்ளமாகிவிட்டது. எத்தனை வருடம் இதையே பேசுவது?

மன்னிக்கவும். நடைபாதையைப் பற்றிக் கேட்க வந்து எங்கெங்கோ போய்விட்டேன்.

நம் ஊரில் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல வேண்டாம். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். கை முறிவதற்கு முந்தைய தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். பாதி தூரத்தில்தான் கவனித்தேன், அவர் என் கையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார். களைத்தபோது அங்கிருந்த இருக்கையில் உட்கார்ந்தார். அந்த நடையைக் கடை வீதிக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போகும் எங்கள் சாலைக்கும் வேண்டும். ஒன்று, பூக்கட்டும் அம்மாவை ஆக்கிரமிப்பு என்று அப்புறப்படுத்திவிடாதீர்கள். அவருக்கும் ஒரு ஓரம் ஒதுக்குங்கள். அன்று அவர் அங்கே இல்லாவிட்டால் அம்மாவை யார் தூக்கியிருப்பார்கள்?

வரைபடத்தை நான் போனில் படம் பிடித்து வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நடைபாதையின் அகலம் 2 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. சந்தோஷம். உயரம் எங்கும் எழுதவில்லை. கேட்டுகள் வரும் இடமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. அங்கே நடைபாதை தொடருமா, அறுபடுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் வேலை எடுப்பவர் தன் வசதிக்குக் கட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு இன்னும் இருபது வருடம் அதில்தான் நாங்கள் ஏறி இறங்க வேண்டும்.

ஆகவே மிகுந்த பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். வேலை தொடங்கும் முன் அந்த வரைபடத்தில் 150 மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். 21 வெட்டுகளின் மேலும் கோட்டை அறுபடாமல் இழுங்கள். திருத்திய படத்தின் ஒரு பிரதியைத் தமிழில் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். என் அளவுகள் எழுதிய நோட்டு வேண்டுமென்றால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
இந்தச் சாலையில் தினமும் நடக்கும் ஒரு தையல்காரி