கும்பல் கொலைக்குத் தனிச்சட்டம்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக வரையறுத்துச் சட்டம் இயற்றுமாறு 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு வழங்கிய அந்தத் தீர்ப்பின் பரிந்துரை இன்றுவரை அரைகுறையாகவே நிறைவேறியிருக்கிறது. மீதியை நிறைவேற்ற, தமிழ்நாட்டிலிருந்து சென்றிருக்கும் மக்களவை உறுப்பினர்கள் 39 பேரும் மாநிலங்களவை உறுப்பினர்கள் 18 பேரும் கட்சி பேதமின்றி முன்கை எடுக்க வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

இதற்குத்தான் புதிய சட்டத்தில் பிரிவு வந்துவிட்டதே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை அல்லது அவை போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. இது ஒரு முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மதம் என்ற சொல் இல்லை. பகைமையைத் தூண்டும் பேச்சைத் தண்டிக்கும் 196ஆம் பிரிவில் மதத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அதே சட்டம், மாட்டிறைச்சியின் பேராலும் மாடு கடத்தல் சந்தேகத்தின் பேராலும் இத்தனை பேர் அடித்துக் கொல்லப்பட்ட நாட்டில், கொலையைத் தண்டிக்கும் இடத்தில் மட்டும் அதை விட்டுவிட்டது. ‘தனிப்பட்ட நம்பிக்கை’ என்பதற்குள் மதமும் அடங்கும் என்று அரசுத் தரப்பு வாதிடலாம்தான். ஒரு விதவையின் வழக்கு அந்த வாதம் எடுபடுவதை நம்பி நிற்க வேண்டியதில்லை.

மூன்று பேர் அல்லது நான்கு பேர் சேர்ந்து கொன்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. ராஜஸ்தானும் மேற்கு வங்கமும் 2019இல் நிறைவேற்றிய மசோதாக்கள் இரண்டு பேரையே கும்பலாகக் கொண்டன. அவை நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு கதை.

இன்னொரு இடைவெளி நம் மாநிலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரார் தாக்கினார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அக்குடும்பத்தின் மூதாட்டி செய்த குற்றம். அவர் அங்கேயே உயிரிழந்தார். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியே இரண்டுக்கும் மூலம். இனமோ மொழியோ நம்பிக்கையோ காரணமாக இல்லாத இத்தகைய கொலை, இன்றைய பிரிவின்படி வெறும் சாதாரணக் கொலை வழக்காகவே நிற்கும். ஆகவே, இது வடமாநிலங்களின் நோய், நமக்கு இதில் வேலையில்லை என்று நாம் ஒதுங்க முடியாது.

தண்டனையின் அளவு போதவில்லை என்பதல்ல என் குறை. மரண தண்டனைக்கு மேல் ஒரு சட்டம் என்ன சொல்லிவிட முடியும்? தனி ஒருவன் செய்யும் கொலையில் ஊரும் காவல் நிலையமும் பெரும்பாலும் சட்டத்தின் பக்கம் நிற்கின்றன. கும்பல் கொலையிலோ ஊரின் ஒரு பகுதியே கொலையாளி. சாட்சி சொல்ல வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர். தடுத்திருக்க வேண்டிய காவலர் சில நேரம் வேடிக்கை பார்த்தவர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து நான்கு நாள்கூட ஆகாத நிலையில், ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் மாடுகளை ஓட்டிச் சென்ற ஒருவரைக் கும்பல் அடித்துப் போட்டது. சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசேர்க்கக் காவலர்களுக்கு மணிக்கணக்கானது. மாடுகள் அவருக்கு முன்பே கோசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 2017இல் அதே மாவட்டத்தில் நடந்த மற்றொரு கொலையின் காணொளியை நாடே பார்த்தது. ஆனாலும் 2019 ஆகஸ்டில் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரும், புலனாய்வின் ஓட்டைகளால் சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையானார்கள். நம் எல்லையை ஒட்டிய கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்ற வழக்கில் இருபதுக்கும் மேற்பட்டோர் பிறழ் சாட்சிகளாயினர். 2023இல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 13 பேருக்குத் தலா ஏழாண்டு கிடைத்தது. அந்த இளைஞரின் தாயும் சகோதரியும் மிரட்டல்களுக்கு நடுவே விடாமல் நின்றதால் கிடைத்தது அது.

உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் உணர்ந்தே வழிகாட்டியது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி, வதந்தி பரவும் பகுதிகளில் முன்கூட்டியே ரோந்து, ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயலும் விரைவு நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம், கடமை தவறும் அதிகாரி மீது நடவடிக்கை என்று அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. இவற்றில் எதுவும் 103(2)இல் இடம்பெறவில்லை. நீதிமன்ற வழிகாட்டுதல் மீறப்பட்டால் ஏழைக் குடும்பம் அவமதிப்பு மனுவோடு மீண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். சட்டமாக இருந்தால் அதை மீறும் அதிகாரியே குற்றவாளியாவார்.

காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கும்போது ஒன்றிய அரசின் சட்டம் எதற்கு என்ற கேள்வி, மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் உங்களிடமிருந்து வருவது இயல்பே. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை, இத்தனை வசதி படைத்தவர்கள் நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயுற்று, 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அத்தகைய அனுபவங்கள் பல சேர்ந்த பின்னரே 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரை அதன் 4ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2015 திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் தனி உரிமைகளை வழங்கியது. அச்சட்டம் குறையின்றி நடைமுறையாகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காவல் நிலைய வாசலில் நிற்பவரின் கையில் அது ஓர் ஆயுதம் என்பதை அறிவோம். கும்பல் கொலைக்கும் அதே அமைப்பில் ஒரு சட்டம் வேண்டும்.

தள்ளிப்போடுவதன் விலையை அமெரிக்கா கொடுத்திருக்கிறது. கறுப்பின மக்களைக் கும்பல் கொல்வதை ஒன்றியக் குற்றமாக்க, அப்போது அந்த நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஜார்ஜ் ஹென்றி வைட் 1900இல் மசோதா கொண்டுவந்தார். மாநிலங்களின் விவகாரம் என்று சொல்லிச் சொல்லியே அதன் பிறகு வந்த ஏறத்தாழ 200 முயற்சிகளும் முறியடிக்கப்பட்டன. 1955இல் மிசிசிப்பியில் 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்றவர்களை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. கும்பல் கொலைக்கு எதிராகச் சட்டம் இயற்றத் தவறியதற்காக செனட் சபை 2005இல் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சிறுவனின் பெயர் தாங்கிய சட்டம் 2022 மார்ச் 29 அன்றுதான் கையெழுத்தானது. அரசு எண்ணாத மரணங்களை அங்கே ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர் செய்தித்தாள்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி வெளியிட்டார். நம் நாட்டில் இன்றும் அதே நிலைதான். கும்பல் கொலைகளுக்கான தனிக் கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கவில்லை என்று அரசு 2021இல் நாடாளுமன்றத்திலேயே பதிலளித்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்றே தெரியாத அரசு, இறப்புகள் குறைந்தன என்று எப்படிச் சொல்லும்?

வரும் கூட்டத்தொடரில் தனிநபர் மசோதா ஒன்றை உங்களில் சிலர் சேர்ந்து அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மதம் அதில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். இருவர் சேர்ந்தாலும் கும்பலாகக் கொள்ளப்பட வேண்டும். வதந்தியின் பேரில் நிகழும் கொலையும் அதற்குள் வர வேண்டும். கைகட்டி நின்ற அதிகாரிக்குத் தண்டனையும், சாட்சிக்குப் பாதுகாப்பும், குடும்பத்துக்குக் காலவரையறையுள்ள நிவாரணமும், ஆண்டுதோறும் அவையில் வைக்கப்படும் கணக்கும் அதில் இருக்க வேண்டும். தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமைப் பிற்பகலோடு மறக்கப்படுவது வழக்கம் என்பதை அறிவேன். அதனால் உள்துறைக்கான நிலைக்குழுவிடமும், உங்கள் கட்சிகளின் நாடாளுமன்றக் குழுத் தலைவர்கள் வழியாக உள்துறை அமைச்சரிடமும் இதே கோரிக்கையை எழுத்து மூலம் வைக்குமாறும், அந்தக் கடிதத்தையும் அதற்கு வரும் பதிலையும் தொகுதி மக்களுக்கு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை மாவட்ட வாக்காளர் ஒருவர்