தையல்கார அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று நீதிமன்றத்திலிருந்து வந்ததும் அம்மா சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன், படுத்தேன், காலை ஏழரை வரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் யாராவது விட்டுப்போவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் என் கணவரை 'நார்சிசிஸ்ட்', தன்னைத் தவிர யாரையும் மதிக்காதவர், என்றீர்கள். நானும் இரவெல்லாம் முழித்து அந்தச் சொல்லைத் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு ஆலோசனை சொன்ன மேடம்தான் நிறுத்தினார். "அது மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய பெயர்மா. அவருக்கு என்னன்னு தேடுற நேரமும் அவருக்கே போற நேரம். உனக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம்" என்றார். அதனால் இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி இதற்கு மேல் பேசப் போவதில்லை.

எனக்கு என்ன ஆகியிருந்தது? சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டேன். ஒரு வரி செய்தி அனுப்ப நான்கு முறை அடித்து அழித்தேன். யாரிடம் பேசினாலும் முதல் வார்த்தை 'ஸாரி'. முந்தின நாள் பேசியது உண்மையிலேயே பேசியதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்ததால், தேதி போட்டு டைரியில் எழுதி வைத்தேன். அப்புறம் என் கைகள். மதுரை மே மாத வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடித்தான் உடுத்துவேன். என் கைகளைப் பற்றி ஆறு வருடம் நான் கேட்ட வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிற யாராவது ஒரு பெண் தன் கையைப் பார்த்துக்கொள்வாள்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது என்னிடம் இரண்டு செட் துணிதான் இருந்தது. வேலைக்குச் சேர ஒரு வாரம் இருக்கும்போது மூன்று சுடிதார் துணி எடுத்துக்கொண்டு தெருமுனைத் தையல் கடைக்குப் போனேன். அந்த அக்காவை எனக்கு அதற்கு முன் தெரியாது. அவருடைய அப்பா மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்தவராம். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு வெகுகாலம் முன்பே அக்கா வீட்டுத் திண்ணையில் தனியாகத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

அளவு பிளவுஸ், அளவு சுடிதார் எதுவும் என்னிடம் இல்லை. எனவே டேப் வைத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா அளந்து அளந்து சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் நோட்டில் எழுதினாள். "கை சுற்று பதிமூணு" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்: "கை ரொம்பப் பெருசா இருக்காக்கா?"

அக்கா டேப்பைத் திருப்பிப் பார்த்தார். "பெருசு சின்னதுன்னு இதுல போடலத்தா. பதிமூணுன்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த அளவுக்குப் போனார்.

ஆறுதலாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. இருப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் என் உடம்பைப் பற்றி யாரோ ஒருவர் திட்டாமலும் கொஞ்சாமலும் பேசி அன்றுதான் கேட்டேன்.

பிறகு, "கை எவ்வளவு இறக்கம் வைக்கட்டும்?" என்றார். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படியே வைங்க" என்றேன். "நானா போடப் போறேன்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முழுக்கை என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் வேண்டாம் என்று இருந்தது. அரைக்கை என்று நினைத்தாலே வியர்த்தது. ஐந்து நிமிடமாவது நின்றிருப்பேன். வாசலில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். அக்கா அவசரப்படுத்தவில்லை. "சரி, உடம்பை மட்டும் தச்சு வைக்கிறேன். கைத்துணியை வெட்டாம எடுத்து வச்சிருக்கேன். தோணுறப்ப வந்து சொல்லு" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மதினியின் துணியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தம். கை இல்லாத மூன்று சுடிதாரும் ஆணியில் தொங்கும். கைத்துணியை மடித்து, ஊசி குத்தி, அதனதன் தோளிலேயே வைத்திருந்தார். ஒரு நாள்கூட என்னைக் கூப்பிட்டு 'என்னத்தா முடிவு பண்ணே' என்று கேட்கவில்லை. நிமிர்ந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி மிஷினை மிதிப்பார்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளே போனேன். "முழங்கைக்கு மேல நாலு விரல்" என்றேன். குரல் நடுங்கியது. அக்கா பாராட்டவில்லை, காரணம் கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்தார், கோடு போட்டார், என் கண் முன்னால் வெட்டினார். அந்தக் கத்தரிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உங்களில் பலர் அந்த நாட்களில் 'நீ அழகு', 'நீ கெட்டிக்காரி' என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அன்பால் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அது எனக்குள் இறங்கவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. கல்யாணமான முதல் ஆறு மாதம் அவரும் அதையேதான் சொன்னார், உங்களைவிட அழகாக. கொடுத்தவரே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் புகழ்ந்தாலும் இது எப்போது பிடுங்கப்படுமோ என்றுதான் மனம் காத்திருந்தது. அந்த அக்கா என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நான் சொல்வதற்கு மூன்று வாரம் இடம் விட்டார். என் வாயிலிருந்து வந்த அந்த 'நாலு விரல்' மட்டும் யார் கொடுத்ததும் இல்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியும் கேட்காமல் டாடா ஏஸ் எடுத்து வந்த அண்ணனுக்கு. பீரோவில் பாதியைக் காலி செய்து வைத்திருந்த மதினிக்கு. அந்த நள்ளிரவில் பெண்கள் உதவி எண் 181-இல் பேசிய குரலுக்கு. வேறொரு இரவு, மூச்சு முட்டியபோது மனநல உதவி எண் 14416-இல் நிதானமாகப் பேசிய தம்பிக்கு. வக்கீல் மேடத்துக்கு. அப்புறம் பாதுகாப்பு அலுவலருக்கு: 'அவர் என்னை அடிக்கவே இல்லையே, இதெல்லாம் புகாரா' என்று நான் தயங்கியபோது, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை எடுத்து, அவமதிப்பதும் கேலி செய்வதும் பட்டப்பெயர் வைத்துப் பழிப்பதும் வன்முறை என்று அதிலேயே இருப்பதை விரல் வைத்துக் காட்டினீர்கள். எனக்கு நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்த அன்று டைரி எழுதுவதை நிறுத்தினேன். அம்மாவுக்குத் தனியாக எழுத முடியாது. பக்கத்து அறையில்தான் இருக்கிறார், போய்க் கட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் அண்ணன் மகள் கண்ணாடி முன்னால் நின்று, "அத்தை, என் மூக்கு சப்பையா இருக்கா?" என்று கேட்டாள். பத்தாவது படிக்கிறாள். 'இல்லடி, அழகா இருக்கு' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "யாரு சொன்னா?" என்றேன். அரை மணி நேரம் பேசினாள். இனி அப்படித்தான் இருக்கப் போகிறேன். என் மாதிரி ஒருத்தி என்னிடம் வந்தால், அவள் முடிவை நான் எடுத்துக் கையில் கொடுக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பேன், காத்திருப்பேன். அடி விழுகிற வீடு என்றால் அது வேறு. அங்கே காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே 181.

அக்கா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பொங்கலுக்கு அம்மா பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிளவுஸ் தைக்க வேண்டும். நோட்டில் என் பழைய அளவு இருக்கும், ஆனால் அதைப் பார்க்க வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் திரும்பியதில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், புதிதாகவே அளந்துகொள்ளுங்கள். கை இறக்கம் வரும்போதே சொல்லிவிடுவேன்.